சும்மா கொடுத்த பால் டின்!

போன மாதம் என் பேத்திக்குத் தலைப்பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மடியில் குழந்தையும் கையில் செல்போனுமாக உட்கார்ந்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"பாட்டி, இங்கே பாரேன்! நான் யாருக்குமே சொல்லலை. குழந்தை பொறந்தது இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். இளம் தாய்மார்களுக்கான ஏதோ ஒரு சங்கமாம். ரோஜா நிறத்தில் ஒரு யானைக் குட்டி, வாழ்த்துச் செய்தி. அதற்குக் கீழே, 'பால் போதவில்லையோ என்று கவலையா? எங்கள் நிபுணரிடம் இலவசமாகப் பேசுங்கள்' என்று ஒரு வரி. அதைத் தொட்டால், முதல் பால் டின்னுக்குப் பாதி விலைச் சீட்டு!

யானைக் குட்டி அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு 1979-ம் வருஷம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

வெள்ளைப் புடவைக்காரி

இவளுடைய அம்மாவை, அதாவது என் மூத்த பெண்ணை, நான் பெற்றது மாயவரத்தில் ஒரு நர்ஸிங் ஹோமில். எனக்கு அப்போது 22 வயது. மூன்றாம் நாள் காலையில், வெள்ளைப் புடவையில் ஒரு பெண் வந்தாள். நர்ஸ் என்றுதான் நினைத்தேன். அவள் ஒரு பால் பவுடர் கம்பெனியின் ஆள் என்று எனக்குத் தெரிய வந்தது வெகு நாள் கழித்துத்தான்.

"குழந்தை அழுதுகிட்டே இருக்கே, பால் பத்தலை போலிருக்கேம்மா" என்றாள். ஒரு டின், ஒரு ஃபீடிங் பாட்டில், கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் படம் போட்ட புத்தகம், மூன்றையும் கட்டிலில் வைத்தாள். "எல்லாம் இலவசம்தாம்மா!"

என் மாமியார் பள்ளிக்கூடம் போகாதவர். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சும்மா குடுக்கிறானா? எவன் சும்மா குடுப்பான்? கறிகாய்க்காரன் ரெண்டு கொத்துமல்லி கொசுறு போட்டாலே, மறுநாளும் நம்ம வாசல்லதான் கூடையை இறக்குவான்."

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் அல்லவா? அவர் பேச்சை அலட்சியம் செய்தேன்.

தாய்ப்பால் கிணற்று ஊற்று மாதிரி. இறைக்க இறைக்கத்தான் ஊறும். குழந்தை சப்பும்போதுதான் 'இன்னும் பால் வேண்டும்' என்ற செய்தி தாயின் உடம்புக்குப் போகிறது. புட்டிப்பால் குடித்து வயிறு நிறைந்த குழந்தை அம்மாவிடம் சப்பாது. சப்பாவிட்டால் பால் குறையும். குறைந்ததும், 'பத்தவில்லை' என்று அந்தப் பெண் சொன்னது நிஜமாகிவிடும்! எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. இலவச டின் தீர்ந்த சமயத்தில் என் பாலும் அநேகமாக வற்றிவிட்டது.

அடுத்த டின்னைக் காசு கொடுத்து வாங்கினோம். அதற்கடுத்ததையும். என் கணவரின் சம்பளத்தில் வாடகை, மளிகை போக மிஞ்சுவதே கொஞ்சம். டின் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று, 4 ஸ்பூன் போட வேண்டிய இடத்தில் 2 ஸ்பூன் போட ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. குழந்தை இளைத்தது. பிறகு வயிற்றுப்போக்கு. மூன்றாம் மாதம் அவளைத் துணியில் சுற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கிருந்த வயதான லேடி டாக்டர் விவரம் கேட்டுவிட்டு, "நீ குடுத்தது பால் இல்லேம்மா, வெள்ளைத் தண்ணி" என்றார். திட்டியதோடு விடவில்லை. இரண்டு மணிக்கொரு தரம் குழந்தையை மாரில் விடச் சொல்லி, இடையில் பாலாடையால் அளவாகப் பால் புகட்ட வைத்து, மெல்ல மெல்ல மறுபடி பால் ஊற வைத்தார். என் பெண் பிழைத்தாள். பிழைக்காத குழந்தைகளும் அந்த வார்டில் இருந்தன, சகோதரிகளே. அந்தத் தாய்மாரின் முகம் இன்னமும் எனக்கு மறக்கவில்லை.

உலகம் முழுக்க இதே கதை

வெகு நாள் வரை இதை என் தனிப்பட்ட முட்டாள்தனம் என்றே நினைத்திருந்தேன். பின்னால் தேடித் தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

1939-லேயே சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண்மணி, ரோட்டரி சங்கக் கூட்டத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசியிருக்கிறார். புட்டிப்பாலைப் பற்றிய தவறான பிரசாரத்தால் குழந்தைகள் சாவதைக் கொலை என்றே கருத வேண்டும் என்றார். 1974-ல் லண்டனில் 'வார் ஆன் வான்ட்' என்ற அமைப்பு இதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டது. அதை ஸ்விட்சர்லாந்து இளைஞர்கள் சிலர் இன்னும் கடுமையான தலைப்போடு ஜெர்மன் மொழியில் போட, நெஸ்லே கம்பெனி அவதூறு வழக்குத் தொடர்ந்தது. 1976-ல் கம்பெனிக்கே ஜெயம். தலைப்பு அவதூறுதான் என்று இளைஞர்களுக்குச் சிறு அபராதம். ஆனால் கம்பெனியும் தன் விளம்பர முறைகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அடுத்த வருஷமே, 1977 ஜூலையில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், அந்தக் கம்பெனியின் சாமான்களை வாங்குவதில்லை என்ற பகிஷ்காரம் ஆரம்பமாயிற்று. சுத்தமான தண்ணீர், விறகு, படிப்பு மூன்றும் இல்லாத ஊரில் பால் பவுடரை விற்கலாமா என்பதுதான் கேள்வி.

1978-ல் அமெரிக்க செனட் சபையின் விசாரணையில், எட்வர்ட் கென்னடி இதே கேள்வியைக் கம்பெனிக்காரர்களிடம் கேட்டார். தண்ணீருக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும் என்கிற ரீதியில் பதில் வந்தது.

118-க்கு 1

கம்பெனி லாபம் பார்க்கிறது. அது அதன் சுபாவம். லகான் போட வேண்டியது சர்க்கார் அல்லவா? இனித்தான் கதையே.

1981 மே மாதம் ஜெனிவாவில் உலக சுகாதார சபை கூடியது. நம் இந்திரா காந்தி அம்மையார் அங்கே போய்ப் பேசினார். வாழ்வையும் சாவையும் வைத்து யாரும் கொள்ளை லாபம் அடிக்காத உலகம் வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். அவர் குறிப்பிட்டது மருந்துகளைத்தான். ஆனாலும் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் பால் பவுடர் பிரச்னையும் இருந்தது. தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் பண்டங்களை எப்படி விற்கலாம், எப்படி விற்கக் கூடாது என்று ஒரு நெறிமுறை. பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது, தாய்மார்களுக்கு இலவச சாம்பிள் கூடாது, கம்பெனி ஆட்கள் நர்ஸ் வேஷத்தில் தாய்மாரிடம் வரக் கூடாது.

மே 21-ம் தேதி ஓட்டெடுப்பு. ஆதரவு 118 நாடுகள். 3 நாடுகள் நடுநிலை. எதிர்த்தது ஒரே ஒரு நாடு, அமெரிக்கா!

பேச்சுச் சுதந்திரத்துக்கும் வியாபாரச் சுதந்திரத்துக்கும் இது விரோதம் என்று காரணம் சொன்னார்கள். அங்கே பால் பவுடர் தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் உண்டு. சட்டம் செய்கிறவர்களைச் சந்தித்துத் தங்கள் பக்கம் பேசுவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். 'லாபி' என்று பெயர். ஒளிவுமறைவாக அல்ல, பதிவு செய்துகொண்டே நடக்கும் தொழில். அவர்களது குரல் வாஷிங்டனில் எட்டியது. மாயவரத்தில் 2 ஸ்பூன் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தவளின் குரல் எட்டவில்லை.

ஆனாலும் மனசாட்சி உள்ளவர்கள் எங்கும் உண்டு. அந்த ஓட்டைக் கண்டித்து அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவித் துறையில் உயர் பதவியில் இருந்த இருவர், ஸ்டீஃபன் ஜோசஃபும் யூஜின் பாபும், வேலையை ராஜினாமா செய்தார்கள்.

ஒரு கடிதம், ஒரு மிரட்டல்

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2006-ல் பிலிப்பைன்ஸ் நாட்டு சுகாதாரத் துறை, பால் பவுடர் விளம்பர விதிகளைக் கடுமையாக்கியது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. ஆகஸ்ட் மாதம் அமெரிக்க வர்த்தக சங்கத்தின் தலைவர் அந்த நாட்டு ஜனாதிபதி குளோரியா அரோயோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த விதிகள் வந்தால், முதலீட்டுக்கு ஏற்ற நாடு என்ற உங்கள் நல்ல பெயர் கெட்டுப்போகும் என்பது அதன் தாத்பரியம். சில நாளில் விதிகளுக்கு இடைக்காலத் தடையும் வந்தது. கடிதத்தால்தான் தடை வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கைக்குழந்தையின் பாலைப் பற்றிய ஒரு விதிக்கு எவ்வளவு பெரிய இடத்திலிருந்து கடிதம் வருகிறது பாருங்கள்!

அதே வருஷம் மே மாதம், மணிலாவில் 3,500-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் ஒரே இடத்தில் கூடி, ஒரே நேரத்தில் குழந்தைகளுக்குப் பாலூட்டிக் காட்டினார்கள். 2007 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விளம்பரத்தை அடியோடு தடுப்பதை ஏற்கவில்லை. மற்ற விதிகளில் பெரும்பாலானவற்றை நிலைநிறுத்தியது.

2018-ல் ஜெனிவாவில் தாய்ப்பாலுக்கு ஆதரவாக ஒரு தீர்மானம் கொண்டுவர எக்வடோர் என்ற சின்ன நாடு தயாரானது. அமெரிக்கப் பிரதிநிதிகள் வியாபாரத் தடையைக் காட்டி மிரட்டியதாகவும், அந்த நாடு பின்வாங்கியதாகவும் 'நியூயார்க் டைம்ஸ்' செய்தி போட்டது. மிரட்டவில்லை என்று அமெரிக்கா மறுத்தது. கடைசியில் தீர்மானத்தைக் கொண்டுவந்தது ரஷ்யா.

நம் வீட்டு வாசலில்

நம் நாட்டில் என்ன நிலை? இந்த விஷயத்தில் நாம் பெருமைப்படலாம். 1992-லேயே நம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. 2003-ல் அதை இன்னும் இறுக்கியது. அதன்படி 2 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பால் பவுடர், டின் உணவு, ஃபீடிங் பாட்டில் எதற்கும் விளம்பரம் கிடையாது. இலவச சாம்பிள், பரிசு கிடையாது. பால் டின்னின் மேல் தாய் படமோ குழந்தை படமோ போடக் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சடிக்க வேண்டும். டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கம்பெனிகள் பணமோ பரிசோ கொடுக்கக் கூடாது. மீறினால் 3 வருஷம் வரை சிறை உண்டு.

ஆனால் செல்போனுக்குள் வரும் யானைக் குட்டியை யார் பிடிப்பது? 'லான்செட்' மருத்துவப் பத்திரிகை 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் வருஷத்துக்குச் சுமார் 5,500 கோடி டாலருக்குப் பால் பவுடர் விற்கிறது. அதை விற்பதற்கான பிரசாரத்துக்கு மட்டும் 300 கோடி டாலர். நம் பணத்தில் சுமார் 25,000 கோடி ரூபாய்!

இவ்வளவு பணம் டாக்டரிடமும் தாயிடமும் மட்டும் போய் நின்றுவிடுமா? சட்டம் செய்கிறவர்களிடம் போகாதா? "அரசியல் நமக்கு எதுக்கு?" என்று நாம் பேப்பரில் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அங்கேதான் நம் சமையலறைக் கணக்கும் இருக்கிறது.

நம் நாட்டில் கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதை 1969-ல் தடை செய்தார்கள். 1985-ல் மறுபடி அனுமதித்தார்கள். பிறகு, 3 வருஷ சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. 2017-ல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். 2018-ல் தேர்தல் பத்திரம் வந்தது. கம்பெனியோ தனி நபரோ ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். யார், யாருக்கு, எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. இப்படிச் சுமார் 16,500 கோடி ரூபாய் கைமாறியது. 2024 பிப்ரவரி 15-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகளும் ஒருமனதாக இது செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். யார் பணம் எந்தக் கட்சிக்குப் போகிறது என்று தெரிந்துகொள்வது ஓட்டுப் போடுகிறவரின் உரிமை என்றார்கள். மார்ச் மாதம் பெயர்ப் பட்டியல் வெளியாயிற்று.

பால் பவுடர் கம்பெனி இன்ன கட்சிக்கு இவ்வளவு கொடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நன்கொடை மறைவாக இருந்தால், நாளை இந்தப் பால் சட்டத்தில் ஒரு வரியை யாராவது தளர்த்தும்போது, ஏன் தளர்த்தினார்கள் என்று நாம் எப்படிக் கண்டுபிடிப்போம்? பால் மட்டுமா, மருந்து, எண்ணெய், பிஸ்கட் எல்லாமே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவைதானே! இன்னொன்றும் உண்டு. கம்பெனி கட்சிக்குக் கொடுக்கும் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. நாம் கொடுக்கும் விலையிலிருந்துதான் போகிறது.

என் மாமியார் கேட்ட கேள்வியை மந்திரிக்கும் கேட்கலாம்: 'எவன் சும்மா குடுப்பான்?' தேர்தல் சமயத்தில் வாசலுக்கு வரும் 500 ரூபாய் நோட்டுக்கும் அதே கேள்விதான். என் கட்டிலில் வைத்த முதல் டின் இலவசம். அடுத்த டின்களுக்கு நான் என் குழந்தையின் உடம்பைக் கொடுத்து விலை தர வேண்டியிருந்தது.

நாம் என்ன செய்யலாம்?

* குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க ஆரம்பியுங்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். 6 மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு கஞ்சி, பருப்புச் சாதம் என்று ஊட்டிக்கொண்டே 2 வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

* 'பால் பத்தவில்லை' என்று யார் சொன்னாலும் உடனே நம்பிவிடாதீர்கள். குழந்தை நாளைக்கு ஆறேழு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

* நிஜமாகவே பால் பவுடர் தேவைப்படும் தாய்களும் குழந்தைகளும் உண்டு. டாக்டர் சொன்னால் மனம் நோகாமல் கொடுங்கள். நீங்கள் எந்த விதத்திலும் குறைந்த தாய் அல்ல. தண்ணீரைக் கொதிக்க வைத்து, நன்றாகச் சூடாக இருக்கும்போதே கலந்து, ஆற்றி, டின்னில் போட்டிருக்கும் அளவு குறையாமல் கொடுங்கள். பாட்டிலைவிடப் பாலாடையும் கிண்ணமும் கழுவச் சுலபம்.

* ஆஸ்பத்திரியிலோ கடையிலோ இலவச டின் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது சட்டப்படி குற்றம். பிரசவத் தேதியையும் போன் நம்பரையும் கண்ட இடத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள்.

* 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை வாங்கும் கட்சி, கொடுத்தவரின் பெயரைத் தேர்தல் கமிஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். வேட்பாளரின் சொத்துக் கணக்கும் கமிஷனில் கிடைக்கும். செல்போனில் சீரியல் பார்க்கும் நேரத்தில் ஒரு பத்து நிமிஷம் இதையும் பார்க்கலாமே!

பேத்தியிடம் இந்தக் கதையெல்லாம் சொல்லி முடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அவள் அம்மா, அந்த 1979-ம் வருஷத்துக் குழந்தை, பூண்டுக் குழம்பும் சாதமும் கொண்டு வந்து வைத்தாள்.

"ஏம்மா, எனக்கு 2 ஸ்பூன்தான் போட்டியா? இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே!" என்று கேட்டாள்.

"வெட்கமா இருந்ததுடி" என்றேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினாள். பேத்தி யானைக் குட்டியை அழித்துவிட்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டு, அழ ஆரம்பித்த குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டாள்.